முகத்துவாரத்தின் இடது பக்கம்

என் நாத்தனாரிடம் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் தாடை ஆடும், தாடை ஆடினால் காதோரம் கோணலாகிவிடும் என்பது அவருடைய கட்சி. அதனால் பேசுகிற வேலையையும் அவரே பார்த்துக்கொள்வார். கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது கூர்மை என்று அந்தத் தெருவில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

என் கணவரின் அக்கா அவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், இரண்டு சுழல் நாற்காலியும் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடியும் போட்ட சின்னக் கடை அவருடையது. ஆண், பெண், கைக்குழந்தை, யார் வந்தாலும் ஒரே கத்தரி, ஒரே அதட்டல். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம், "வர்றவன் தலையைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

அவரைப் பறவைப் பக்கம் இழுத்துவிட்டவர் ஒரு பல் டாக்டர். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கும் துணிச்சல் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்துப் பழகியவர் அல்லவா. ஒருநாள் அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "உங்க கையில இருக்கே கத்தரிக்கோல், அந்த எடைகூட இல்லாத பறவைங்க வடக்கே பனிப் பிரதேசத்துலேர்ந்து பறந்து நம்ம முகத்துவாரத்துக்கு வருதுங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா வெட்டுவதை நிறுத்தினார். கத்தரியை உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தார்.

"ரீல் விடாதீங்க டாக்டர்."

"போய்ப் பாருங்களேன்."

டாக்டர் புளுகர் என்று நிரூபிப்பதற்காகவே, கடை விடுமுறை நாளில் அக்கா பஸ் ஏறி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் முழங்கால்வரை சேறோடு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அழுதீர்களா என்று கேட்டேன். "காத்து" என்றார். அன்றைக்கு அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்படி ஒரு நாளை அதற்கு முன்னால் எங்கள் வீடு பார்த்ததில்லை.

அதிலிருந்து குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பில் முகத்துவாரம் அக்காவுடையது ஆகிவிட்டது. எங்கள் கடற்கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே நாள் காலையில், கடல் ஏறும் நேரத்தில், ஆளுக்கொரு துண்டாக எண்ணுவார்கள். ஏற்பாடெல்லாம் பல் டாக்டர். கடல் இறங்கியிருக்கும்போது பறவைகள் சேற்றுப் பரப்பெங்கும் சிதறி மேய்ந்துகொண்டிருக்கும், எண்ண முடியாது. கடல் ஏற ஏறச் சேறு முழுகும். எல்லாம் பின்வாங்கி வந்து கடைசியில் முகத்துவாரத்து மணல் திட்டில் ஒண்டிக்கொள்ளும். எண்ணினால் அப்போது எண்ண வேண்டும்.

ஆயிரக்கணக்கில் நிற்பதை எப்படி எண்ணுவது? முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த அளவைச் சீப்பு மாதிரி வைத்துக் கூட்டத்தின்மேல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அக்காவுக்கு அது கைவந்த கலை. டாக்டர் அவருக்குக் கழுகு என்று பெயர் வைத்தார். கடைக்கு வருகிறவர்கள்கூட அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் அக்காவுக்கு அதில் பெருமை.

கழுகு இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, எண்ணுகிறவர் இடமிருந்து வலமாக மட்டுமே போக வேண்டும். தாண்டிய இடத்துக்குக் கண்ணைத் திருப்பவே கூடாது, திருப்பினால் எண்ணியதையே மறுபடி எண்ணிவிடுவோம். இரண்டு, பக்கத்தில் இருந்து எழுதுகிறவர் பறவையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால், "இன்னும் கொஞ்சம் இருக்கும் போலிருக்கே" என்று நாக்கு அரிக்கும்; எண்ணுகிறவர் தடுமாறிப்போவார். தலை குனிந்து சொன்னதை எழுது, அவ்வளவுதான்.

எழுதுகிறவள் நான். என் பிழைப்பும் கிட்டத்தட்ட அதுதான். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. வண்டி வருகிறது, போகிறது, தாமதம், மன்னிக்கவும் என்று நாள் முழுக்கச் சொல்கிறேனே தவிர, என் அறைக்கு ஜன்னல் கிடையாது. வண்டியைக் கண்ணால் பார்ப்பதில்லை. சுவர் அதிர்கிற அதிர்விலேயே எந்தத் தடத்தில் எது நுழைகிறது என்று காது சொல்லிவிடும். ஆகவே பறவையைப் பார்க்காமல் பறவைக் கணக்கு எழுதுவது எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை. எண்ணி முடித்ததும் கூட்டம் கலையாமல் இருக்கக் குனிந்தபடியே பின்வாங்கிவிடுவோம். இப்படி எத்தனையோ குளிர்காலம் முகத்துவாரத்துக்குப் போயும், அங்கே நான் பார்த்ததெல்லாம் என் செருப்பும் பென்சில் நுனியும்தான்.

ஒரு வருஷம் தலையில் இடி விழுந்தது. எனக்கு அன்றைக்கு மாற்ற முடியாத டியூட்டி. என் கணவர் எழுதப் போனார். கம்பளிக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்தால் அக்கா குட்டுவாள் என்ற பயத்தில், மண்ணைப் பார்த்தபடியே எழுதி முடித்திருக்கிறார். கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை.

பல் டாக்டர் நம்பவில்லை. பக்கத்துத் துண்டுகளில் எல்லாம் பறவை வழக்கம்போல இருந்தது. முகத்துவாரத்தில் மட்டும் எப்படிப் பாதி காணாமல்போகும்? அவருடைய கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தபோது, மனுஷன் மென்று விழுங்கித்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷமும் இதே மாதிரி வந்தா, முகத்துவாரத்தை காலேஜ் பசங்ககிட்ட குடுத்துப் பாப்போம். ட்ரோன் வெச்சிருக்காங்க."

"என் கண்ணு மேல சந்தேகமா டாக்டர்?"

"சந்தேகம்னு இல்ல..."

"அப்ப என்ன?"

அக்கா அங்கிருந்து நேரே கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார். எழுத்துப் பலகையைக் கடைசிப் பொடி எழுத்துவரை கடகடவென்று வாசித்தாராம். "இந்த வயசுல இப்படி ஒரு கண்ணா!" என்று கடைக்காரர் வியந்ததை எங்கள் வீட்டில் மூன்று வேளையும் பரிமாறினார்.

ஆனால் அந்த வருஷம் முழுக்க அக்கா அக்காவாக இல்லை. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு, கதவைத் திட்டுவார். நான் இடது பக்கமாக வந்து நின்றால், "பேய் மாதிரி வந்து நிக்கிறியே, ஒரு குரல் குடுத்தா என்ன?" என்று தூக்கிவாரிப்போட்டுக் கத்துவார். ஒரு பெண்ணுக்கு நெற்றி முடி ஒரு பக்கம் நீளமாக இறங்கிவிட்டது. அவள் சுட்டிக்காட்டியதற்கு, "உன் தலையே கோணல், நான் என்ன பண்ணுவேன்?" என்றார். எங்களுக்கு இதெல்லாம் அவர் குணமாகத்தான் பட்டது. கோபக்காரர் இன்னும் கொஞ்சம் கோபக்காரர் ஆனால் யார் கவனிக்கிறார்கள்?

ஒருநாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், எனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்தில் துணி கட்டி, தலையைக் குனியவைத்து, பின்னாலிருந்து மெல்லப் பேசினார்.

"என் கணக்கு சரின்னா பாதிப் பறவை செத்துப்போச்சுன்னு அர்த்தம். தப்புன்னா என் கண்ணு போச்சுன்னு அர்த்தம். எது நடக்கணும்னு வேண்டிக்கிறதுன்னே தெரியலம்மா."

கத்தரி நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது ஒரு பக்கம், திறந்தாலும் சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

அடுத்த வருஷம் கணக்கெடுப்பு நாளில் லீவு போட்டுவிட்டு நானே போனேன். கருக்கலில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆற்றங்கரையோரம் நடந்தோம். அக்கா டெலஸ்கோப்பைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால், நான் டீ ஃபிளாஸ்க்கோடு பின்னால். பனிக்காற்று முகத்தில் அடித்தது. பாதி தூரத்தில், எங்கள் இடது கைப்பக்கம் தண்ணீர் விளிம்பில் ஏதோ நெளிந்தது. நின்று பார்த்தேன். நீர்நாய்! அம்மாவும் இரண்டு குட்டியும். அம்மா ஒரு மீனைத் தலையிலிருந்து கடித்துக்கொண்டிருந்தது, குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பிடுங்கப் பார்த்தன. ஈர மீசையில் முத்து முத்தாகத் தண்ணீர். மூன்றும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார், திரும்பக்கூட இல்லை. கழுகுக்குத் தெரியாமலா இருக்கும், பறவை இல்லையென்றால் மதிக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு நானும் நடந்தேன்.

கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தோம், அக்காவுக்கு இடது கைப்பக்கம் நான். எதிரே மணல் திட்டு. வெளிச்சம் வந்தது. கடல் ஏறத் தொடங்கியது. கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் சத்தம் தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. சட்டப்படி நான் குனிந்துகொண்டேன். தண்ணீர் நன்றாக ஏறி நின்றதும் அக்கா வெறும் கண்ணால் திட்டை ஒரு பார்வை பார்த்து, டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"எழுது. உள்ளான், நூறு... இருநூறு..."

உள்ளான் என்பதுதான் அந்தக் கத்தரிக்கோல் எடை இல்லாத பறவை. குரல் ஒரே சீராகப் போனது. நான் நூற்றுக்கொரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் வரட்டும், இன்னும் வரட்டும் என்று ஒவ்வொரு கோட்டையும் பிடித்து இழுத்தேன். குரல் நின்றுவிட்டது.

"அவ்வளவுதான்" என்றார் அக்கா. "போன வருஷத்தைவிடக் கம்மி. போச்சு. எல்லாம் போச்சு."

அப்போதுதான் என் காது விழித்துக்கொண்டது. உள்ளான் கூட்டம் ஓய்வில் நிற்கும்போதும் சும்மா இருக்காது. பள்ளிக்கூட வராந்தா மாதிரி உள்ளுக்குள் கிசுகிசுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கிசுகிசுப்பு எனக்கு இடது காதில் நிறைந்து கேட்டது. அக்காவின் டெலஸ்கோப்போ வலது பக்கமே போயிருந்தது. சுவரை வைத்து வண்டியைச் சொல்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? எந்தத் தடத்தில் ஒன்றும் இல்லை என்று அக்கா சொன்னாரோ அந்தத் தடத்தில் ஒரு முழு வண்டி நின்றுகொண்டிருந்தது.

நான் தலையை நிமிர்த்தினேன்.

எப்படிச் சொல்வேன்? இடது பக்கம் திட்டில் மணலே இல்லை. மணல் இருக்க வேண்டிய இடமெல்லாம் உயிர். தண்ணீர் விளிம்பு தொடங்கி மேடு வரைக்கும், உள்ளங்கை அளவு உடம்புகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, காற்றுக்கு முகம் கொடுத்து, எல்லாம் ஒரே திசையில். பாதிக்குமேல் ஒற்றைக் காலில் நின்றன. அலகை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டே, காற்று தள்ளும்போது ஒற்றைக் காலாலேயே தத்தித் தத்தி இடம் மாறின. நடுநடுவே உயரமாகக் கோட்டான்கள், ஆந்தை இனமல்ல, இவை கரைப்பறவைகள், வளைந்த நீள மூக்கோடு, கல்யாண வீட்டில் பெரியவர்கள் மாதிரி. சூரியன் அப்போதுதான் மேகத்தை விட்டு வெளியே வந்தது. ஆயிரமாயிரம் வெள்ளை வயிறுகள் ஒன்றாகப் பளிச்சிட்டன. உலகத்தின் மேல்மூலையிலிருந்து இறக்கையைத் தவிர ஒன்றும் இல்லாமல் கிளம்பி வந்து, என் முன்னால் ஒற்றைக் காலில் தூங்குகின்றன. இத்தனை வருஷம் இதன் பக்கத்திலா நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்?

"அக்கா... இடது பக்கம்?"

"எந்த இடது பக்கம்? ஆரம்பிச்ச இடமே அதானே."

"அதுக்கும் இந்தப் பக்கம்."

"நீ தலையைத் தூக்கிட்டியா?" குட்டுவதற்குக் கையை ஓங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கை அப்படியே நின்றது. அவர் பார்வை என்னைத் தாண்டித் திட்டில் போய் விழுந்திருந்தது.

"இதெல்லாம் எப்ப வந்து இறங்குச்சு?"

"இறங்கலக்கா. அங்கேயேதான் இருக்குங்க."

அக்கா மறுபடி நேரே பார்த்தார். மறுபடி இடது பக்கம் திரும்பினார். நேரே. இடது பக்கம். ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடி, மூடினால் உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் குழந்தை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். பிறகு முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "உன் கையை என் இடது காதுகிட்ட வெச்சு ஆட்டு" என்றார்.

ஆட்டினேன்.

"ஆட்டச் சொன்னேனே."

"ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன்க்கா."

வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு இடது கண்ணை. எதைப் பொத்தினாலும் ஒன்றுதான். கை அசையும் காற்று கன்னத்தில் பட்டது, கை தெரியவில்லை. கறுப்பாகக்கூட இல்லை என்றார். இருட்டாக இருந்தால் சந்தேகமாவது வந்திருக்குமாம். அங்கே ஒன்றுமே இல்லை, இல்லாததுகூடத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. கதவு நிலை, நெற்றி முடி, நீர்நாய். பாதி உலகம் போய், அது போனது தெரியாமலே இந்த மனுஷி ஒரு வருஷத்துக்குமேல் கத்தரி பிடித்திருக்கிறார். அவர் போட்ட சட்டமே அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. இடது கோடி என்று நினைத்துக் கூட்டத்தின் நடுவில் தொடங்குவார். தொடங்கிய இடத்துக்குத் திரும்ப மாட்டார். பார்க்கக்கூடிய இன்னொரு ஆளைத் தலை குனிய வைத்துவிட்டார். உடைந்துபோய் அழப்போகிறார், எப்படித் தேற்றுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்தார்.

"அப்ப போன வருஷமும் இருந்துச்சுங்கதானே?"

"என்னக்கா?"

"போன வருஷமும் இதே மாதிரி நின்னுருக்கும்ல? நான்தானே பாக்கல? சொல்லுடி! அதுங்க எங்கயும் போகலடி! ஒண்ணுகூடச் சாகல! எல்லாம் இங்கேயே இருந்துருக்குதுங்க!"

அழுதார்தான். ஆனால் அது நான் பயந்த அழுகை இல்லை. தொலைந்துபோன பிள்ளை பக்கத்து அறையிலேயே தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவள் அழுவாளே, அப்படி. சேற்றில் மண்டியிட்டு, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து அழுதார். கண் போனதற்கு அவர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. நான்தான் அதற்கும் சேர்த்து அழுதேன்.

திடீரென்று கிசுகிசுப்பு நின்றது. அத்தனை பறவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி ஒரு அமைதி. மேலே ஒரு கரும்புள்ளி, கல்லெறிந்தது போல வந்தது. வல்லூறு. திட்டு முழுவதும் எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எந்த வண்டியிலும் கேட்டதில்லை; பெரிய துணியை வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கிழிக்கிற சத்தம். கூட்டம் பழுப்பாகச் சுருண்டது, திரும்பியது, ஒரே நொடியில் வெள்ளையாகி மின்னியது, மறுபடி கறுத்தது. வல்லூறு உள்ளே பாயப் பாய, அது பாய்ந்த இடத்தில் ஓட்டை விழுந்து மூடிக்கொண்டது. ஒரு பறவையும் இன்னொன்றில் இடிக்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யார் முதலில் திரும்பியது? அண்ணாந்து பார்த்தபடி படகில் சாய்ந்துவிட்டேன்.

கூட்டம் இடது பக்கமாகச் சுற்றிப் போய், அங்கிருந்து எங்களை நோக்கி வந்தது. அக்கா தலையைத் திருப்பவில்லை. நேரே வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"ஒண்ணுமில்லாத இடத்துலேர்ந்து வருதுங்க" என்றார், மெல்லிய குரலில். "வெறும் வானம். அதுலேர்ந்து ஒவ்வொண்ணா பொறந்து பொறந்து வருது. ஐயோ, உன்னால இதைப் பாக்க முடியாதே."

உண்மைதான். எனக்கு அது தூரத்திலிருந்து வருகிற கூட்டம். அவருக்கோ வானமே அந்தக் கணத்தில் பறவைகளைச் செய்து செய்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

"போன வருஷம் மறையறதைப் பாத்தேன்" என்றார். "நடு வானத்துல, பறந்துக்கிட்டு இருக்கும்போதே, கூட்டம் கூட்டமா இல்லாமப் போச்சுங்க. பைத்தியம் பிடிச்சிடுச்சோன்னு பயந்து யாருகிட்டயும் சொல்லல."

வல்லூறு வெறுங்காலோடு போய்விட்டது. பறவைகள் மறுபடி திட்டில் இறங்கின. கடல் இன்னும் ஏறித்தான் நின்றது, நேரம் இருந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு டெலஸ்கோப்பைத் தூக்கி நட்டார்.

"சட்டம் போட்டவ நானு. எடுத்துட்டேன். நீ பாரு. இடது பக்கம் கடைசிப் பறவை எதுன்னு எனக்குக் காட்டு. அங்கேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

அவர் தோளைப் பிடித்து இடது பக்கமாகத் திருப்பினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டே போய், தண்ணீரோரம் தனியாக ஒற்றைக் காலில் நின்ற ஒரு உள்ளானில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இதுக்கு அந்தப் பக்கம் தண்ணிதான்" என்றேன். சரியென்று எண்ண ஆரம்பித்தார். நான் பறவையையும் பார்த்தேன், தாளிலும் கோடு போட்டேன். கோடுகள் நடுவைத் தாண்டி, வலது கோடி வரை போய் முடிந்தபோது, முகத்துவாரத்தில் இதுவரை வந்ததிலேயே பெரிய கணக்கு அதுவாக இருந்தது.

கிளினிக் பெஞ்சில் எல்லோரும் கூடியபோது அக்கா நின்றுகொண்டே பேசினார். "போன வருஷக் கணக்கை அடிச்சுடுங்க டாக்டர். பறவையெல்லாம் பத்திரமா இருக்கு. எனக்குத்தான் இடது பக்கம் கண்ணு போயிடுச்சு." பஸ் தவறிவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். பல் டாக்டர் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று எழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பின்பக்கம் எப்போதோ ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்கத் தலைவலி என்று புலம்பினாரே, அதுவாக இருக்கும் என்றார்கள். கண்ணில் கோளாறு இல்லை, பார்ப்பதை வாங்கிக்கொள்ளும் இடம்தான் போய்விட்டது. திரும்பி வராதாம். இனிமேல் வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். சாலையைத் தனியாகக் கடக்கக் கூடாது என்று சொன்னபோதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது.

கடையை மூடவில்லை. சுழல் நாற்காலிகள் எதற்கு இருக்கின்றன? வாடிக்கையாளரை ஒரு பக்கம் முடித்ததும் நாற்காலியைச் சுழற்றிவிடுகிறார். முடிந்ததும் கையால் இரண்டு காதோரமும் தடவிப் பார்க்கிறார். "அக்கா, இப்பல்லாம் சுத்திச் சுத்தித் தலை சுத்துது" என்று யாராவது சொன்னால், "வாயை மூடு, தாடை ஆடுது" என்று பதில் வரும். கழுகு என்ற பெயரை யாரும் மாற்றவில்லை. நான் மாற்றவிடவும் மாட்டேன்.

மறு குளிர்காலத்தில் பல் டாக்டர் தானே கடைக்கு வந்து, முகத்துவாரம் உங்களுடையதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். படகுக்குப் பின்னால் அக்கா வலது பக்கம், நான் இடது பக்கம். அவர் பாதியை அவர் எண்ணினார், என் பாதியை நான் எண்ணினேன். சீப்பு இழுக்க எனக்கும் வந்துவிட்டது. எண்ணி முடித்ததும் நாங்கள் பின்வாங்கவில்லை. அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கடல் இறங்கும் நேரம், பறவைகள் தாமாகவே எழுந்தன. இடது பக்கம் பெரிய வட்டமாகச் சுற்றின.

அக்கா நேரே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றுமில்லாத வானத்தை. எனக்கு என்ன தோன்றியதோ, தொண்டையைச் செருமிக்கொண்டு என் டியூட்டிக் குரலை எடுத்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வட துருவத்திலிருந்து வரும் உள்ளான் கூட்டம், இன்னும் சில நொடிகளில், இடது புறத்திலிருந்து வந்து சேரும்."

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கண் இமைக்காமல் காத்திருந்தார். அவருடைய வானத்தில் முதல் பறவை வந்தது எனக்கு அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு எல்லாம் வந்தன. எங்கள் தலைக்குமேல் காற்று அதிர்ந்தது. வலது கோடியில் கடைசிப் பறவை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் கூட்டம் மறுபடி இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் அக்கா.